இரண்டாவது கல்

பள்ளங்கி,
4 பிப்ரவரி 2024

அன்புள்ள பொன்னுவேல் அண்ணனுக்கு,

உன் தங்கச்சி மகாராணி எழுதுவது. இங்கே கொடைக்கானல் மலையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பனி இன்னும் விடவில்லை. உன் மச்சான் காலையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காரட் பிடுங்கப் போகிறார். தூரத்திலிருந்து பார்த்தால் காட்டிலிருந்து ஒரு கரடி தப்பி வந்த மாதிரி இருக்கிறது. சொன்னால் கோபம் வருகிறது. கோபம் வந்ததும் தேத்தண்ணி கேட்கிறார்.

போனில் பேசலாம் என்றால் உன் காதின் லட்சணம் தெரியாதா. தீபாவளிக்கு உன் மகன் போனில் உன் முகத்தைக் காட்டினான். "மதினி நல்லா இருக்காங்களா" என்று கேட்டேன். "ரெண்டு கிலோ" என்று பதில் சொன்னாய். போனிலேயே எழுத்தாக அனுப்பலாம் என்றால் உன் கைக்கு வருமுன் உன் வீடே படித்து முடித்துவிடுகிறது. அதனால் அஞ்சாம் வகுப்போடு காட்டில் மரப்பட்டை உரிக்கும் கூலிக்குப் போன கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் வாத்தியாரைத் திட்டு.

விஷயம் இதுதான். நான் சமையல் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை ஒரு படம் போட்டார்கள். சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் தேவகுமாரி டீச்சர், "மகாராணியக்கா, டீயக் குடுத்துட்டுப் போயிராதீங்க, உக்காந்து பாருங்க" என்றார். படமென்றதும் நான் முந்தானையில் பொரிகடலையை முடிந்துகொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு வரும் வரும் என்று பார்த்தால் பாட்டே இல்லை. நடந்த சங்கதியை நடந்தபடியே எடுத்து வைத்த படமாம். டாக்குமெண்டரி என்கிறார்கள்.

அமெரிக்காவில் அறுபது வருசத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் கறுப்பு ஜனங்களைப் படுத்திய பாடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் தீயணைக்கிற குழாயைத் திருப்பிவிடுகிறார்கள் அண்ணே. தண்ணீர் அடித்த வேகத்தில் ஒரு பிள்ளையின் சட்டை கிழிந்து பறக்கிறது. பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள். டீச்சர் என் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பல இடத்தில் சொல்லத் தேவைப்படவில்லை. வீடு எரிந்தால் ஜனம் எதைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று நமக்குத் தெரியாதா.

நடுவில் ஒரு போட்டோ காட்டினார்கள். ஒரு சாப்பாட்டுக் கடை. கறுப்புப் பையன் ஒருவன் எனக்கும் சாப்பாடு போடு என்று உட்கார்ந்திருக்கிறான். ஒரு சின்ன வெள்ளைக்காரப் பெண் அவன் தலையில் சீனி டப்பாவைக் கவிழ்க்கிறாள். சுற்றிலும் சிரிப்பு, அவளும் சிரிக்கிறாள். எனக்கு முதலில் சீனிக்காகத்தான் ஆத்திரம் வந்தது, சமையல்காரி புத்தி. அப்புறம்தான் அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் துடைக்கவே இல்லை.

அடுத்தாற்போல் வயசான வெள்ளைக்கார அம்மா ஒன்று வந்து உட்கார்ந்தது. "அந்தப் பொண்ணு நான்தான். என்னை யாரும் வரச் சொல்லல. டப்பாவை யாரும் என் கையில குடுக்கல" என்று சொன்னதாம். சொல்லிவிட்டு அழவில்லை. நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது.

பொரிகடலை முடிச்சை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கரடிக்கு ஒரே ஆச்சரியம்.

படம் முடிந்ததும் வாய் சும்மா இருக்காமல் டீச்சரிடம், "எங்களுக்கும் இப்பிடி நடந்துச்சு டீச்சர், சிலோன்ல, எழுபத்தேழுல. எனக்கு ஏழு வயசு, எங்க அண்ணனுக்குப் பதினொன்னு" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பிள்ளைகளும் ஒரு படம் எடுக்கிறார்களாம், வெளியே அடிபட்டு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றி. நான் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டுமாம். அண்ணனைக் கேட்காமல் முடியாது என்றேன். "ஒங்க அண்ணன் என்ன கலெக்டரா" என்று சமையல்கட்டில் ஒரே கேலி.

போன வாரச் சந்தையில் லீலாவைப் பார்த்தேன். நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதே வரிசை வீட்டில் இருந்த மூக்கம்மாக்கா மகள். இப்போதும் கவுஞ்சியில்தான், பூண்டு மூட்டையோடு வந்திருந்தாள். கலவரத்தில் கல் பட்ட தழும்பு நெற்றியில் அப்படியே கிடக்கிறது. நான் இன்னும் "ஒட்டுநெத்தி" என்றுதான் கூப்பிடுகிறேன், அவளும் என்னைத் திட்டிவிட்டுத்தான் பேசுகிறாள். படத்துக்கு அவளைக் கேட்கலாம் என்றால் பழைய கதைதான், கதவு உயரம் ஒரு தாடிக்காரன் எறிந்தான் என்பாள், அதற்குமேல் அவளுக்கு வாய் வராது.

நான் சொல்லட்டுமா அண்ணே? வெரசா பதில் போடு.

உன் தங்கச்சி,
மகாராணி


மாத்தளை,
25 பிப்ரவரி 2024

அன்பின் தங்கச்சி ராணிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். உன் மதினி புவனாவுக்கு முழங்கால் வருத்தம். மச்சானைக் கரடி என்று எழுதாதே. கரடி பாவம்.

நீ கேட்டதற்குப் பதில், சொல்ல வேண்டாம்.

அம்மா அப்பாவோடு நீ அக்கரைக்குப் போய்விட்டாய். நான் பெரியப்பாவின் பிரஜாவுரிமைப் பதிவில் இருந்தபடியால் இங்கேயே நின்றுவிட்டேன். நின்றவன் நாலு பேரோடு வாழ வேண்டும். நேற்று பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனேன், மழை பிடித்துக்கொண்டது. சோமாவதியக்காவின் மகன் ஆட்டோவை நிறுத்தி என்னை ஏற்றி வாசலில் கொண்டுவந்து விட்டான். அந்தக் கலவரத்தில் அம்மா உன்னை ஒளித்து வைத்தது அவன் வீட்டில்தான். அவனும் அப்போது உன் வயதுப் பிள்ளை. அவனுடைய சிங்கள ஆட்கள் செய்ததை நீ அங்கே சொன்னால், அது யாருடைய போனிலாவது ஏறி அவன் கைக்கு வரும். மறுநாள் மழையில் நான் அவனை எப்படிப் பார்ப்பது.

இன்னொன்று. அந்த நாளில் உனக்குத் தெரியாததும் இருக்கிறது. கிளறாதே. காது கேட்காதவனுக்கு ஒரு வசதி உண்டு, மூடினது மூடினபடி கிடக்கும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நல்ல சோறு ஆக்கிப் போடு. அது போதும்.

அண்ணன்,
பொன்னுவேல்


பள்ளங்கி,
17 மார்ச் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வேண்டாம் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாதான் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி இரண்டு வாரமாக உறுத்துகிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை. சமையல் சோலி இல்லை, உன் மச்சானும் சந்தைக்குப் போய்விட்டார். எழுதிவிடுகிறேன்.

அவர்கள் செய்ததைச் சொல்ல நான் உன்னிடம் கேட்கவில்லை. நான் செய்தது ஒன்று இருக்கிறது.

அம்மா எச்சிலைத் தொட்டு என் பொட்டை அழித்தாள். தோட்டைக் கழற்றினாள். சோமாவதியக்கா தன் மகளின் வெள்ளைக் கவுனைப் போட்டுவிட்டாள். எனக்குப் பெரிசு, தோளில் பின் குத்தினாள். யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே என்றாள். நாங்கள் எல்லாரும் மேலே தேயிலைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு அம்மா போனாள்.

மறுநாள் பகலில் லாரியில் கலவரக்காரர்கள் வந்து இறங்கினார்கள். சோமாவதியக்கா வீட்டு மேட்டிலிருந்து பார்த்தால் நம் லயத்தின் பின்பக்கம் முழுக்கத் தெரியும் அல்லவா. நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே நின்றோம். அவர்களில் ஒருவன் வந்து ஆளுக்கொரு கல்லைக் கையில் கொடுத்து எறியச் சொன்னான். மற்றப் பிள்ளைகள் எறிந்தார்கள். நான் எறியாமல் நின்றால் தமிழ்ப் பிள்ளை என்று கண்டுபிடித்துவிடுவான்.

என் புத்தியைக் கேள். அடுத்தவர் வீட்டில் எறிந்தால் பாவம், நம் வீட்டிலேயே எறிவோம், உள்ளேதான் யாரும் இல்லையே என்று நினைத்தேன். கோடியிலிருந்து மூன்றாவது அறை நம் காம்பரா. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். எறிந்தேன். கூரைத் தகரத்தில் விழுந்து டங்கென்று சத்தம். எல்லாரும் சிரித்தார்கள். கல் கொடுத்தவன் என் தலையைத் தடவினான்.

இதுவரைக்கும் இருந்தால் நான் கேமராவுக்கு முன்னால் அழகாகச் சொல்லிவிடுவேன். பாவம் ஏழு வயசுப் பிள்ளை என்பார்கள்.

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது அண்ணே. அவர்கள் சிரித்ததும் பிடித்திருந்தது. நான் குனிந்து இரண்டாவது கல்லை எடுத்தேன். அதை யாரும் கொடுக்கவில்லை. நாலைந்தைப் பார்த்து, கைக்கு அடக்கமான உருண்டைக் கல்லாகப் பொறுக்கினேன். அது அதே காம்பரா ஜன்னலுக்குள் போனது. உள்ளே ஒரு பிள்ளை கத்தியது. ஒரு தடவைதான்.

நாலு நாள் கழித்து அம்மா என்னைக் கூட்டிப் போனபோது நீ காதில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். என்ன ஆச்சு என்று நான் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இரண்டு வருசம் கழித்து நாங்கள் இக்கரைக்கு வரத் தலைமன்னார் ரயில் கோச்சியில் ஏறினபோது ஜன்னலிலிருந்து அண்ணே அண்ணே என்று கத்தினேன். நீ வேறு பெட்டியில் தேடிக்கொண்டு ஓடினாய்.

உன்னைச் செவிட்டு அண்ணே என்று இத்தனை வருசமாகக் கேலி செய்து எழுதுகிறேனே, ஏன் தெரியுமா. ஒவ்வொரு தரமும் உன் பதிலில் கோபம் இருக்கிறதா என்று தேடத்தான். ஒரு தரமும் இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உன் காதை எடுத்தவள் நான். மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதைப் படித்த பிறகும் எனக்குப் பதில் போடுகிறாயா என்று பார்க்கிறேன்.

மகாராணி


மாத்தளை,
5 ஏப்ரல் 2024

அன்பின் ராணிக்கு,

பதில் போடுகிறேன்.

முதலில் என் காது. அதை எடுத்தது நீ இல்லை, ஓர் அட்டை. இரண்டு நாள் தேயிலைக்கு நடுவே வடிகால் கானுக்குள் ஈரத்தில் படுத்திருந்தோம். அட்டை ஒன்று காதுக்குள் ஏறிவிட்டது. அப்பா புகையிலைத் தண்ணீர் ஊற்றினார். அட்டை வந்தது, பிறகு சீழும் வந்தது, காது போனது. நாற்பத்தேழு வருடமாய் நீ ஓர் அட்டையின் குற்றத்தைச் சுமந்திருக்கிறாய். நல்ல ஆள்.

இவ்வளவோடு கடிதத்தை முடித்தேன். ஒட்டினேன். தபால் பெட்டி வரைக்கும் போனேன். போடாமல் திரும்பி வந்து, உறையைப் பிரித்து மிச்சத்தை எழுதுகிறேன்.

நம் காம்பரா மூன்றாவதுதான். லயத்து வாசலில் நின்று, தண்ணீர் பிடிக்கும் பீலி இருக்கும் இடது கோடியிலிருந்து எண்ணினால் மூன்றாவது. நீ நின்றது லயத்துக்குப் பின்னால். பின்னால் நிற்கிறவளுக்கு இடது கோடி மற்றக் கோடி. பத்துக் காம்பரா லயத்தில் நீ எறிந்தது எட்டாவது. மூக்கம்மாக்கா காம்பரா.

மூக்கம்மாக்காவிடம் கைப்பிள்ளையும் இருந்தது, லீலாவும் இருந்தாள். லாரிச் சத்தம் கேட்டதும் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது. லீலாவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு ஓடி வந்தாள். பிள்ளை கட்டிலுக்கடியில் எவ்வளவு நேரம் கிடக்கும். எட்டிப் பார்த்திருக்கிறாள்.

நான் மேலே இருந்து பார்த்தேன். உன்னை வெள்ளைக் கவுனில் அடையாளம் தெரிந்தது. இரண்டு கல்லையும் பார்த்தேன். கத்தப் போனேன், அப்பா என் வாயைப் பொத்தினார். "நா ஒன்னும் பாக்கல. நீயும் பாக்கல" என்றார். பின்னேரம் மூக்கம்மாக்கா லீலாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள், நெற்றியில் சேலைத் துண்டு. யார் எறிந்தது என்று எல்லாரும் கேட்டார்கள். வெளியே சத்தம் போட்ட கலவரக்காரனை நினைத்துக்கொண்டு யாரோ ஓர் ஆள் என்றாள் லீலா. தாடிக்காரன்தான் என்றார் அப்பா. நானும் ஆமாம் பெரிய தாடி என்றேன்.

ஆகவே தாடி வைத்தது நான். இதற்காகத்தான் கிளறாதே என்று எழுதினேன். சோமாவதியக்கா மகன் பாதிக் காரணம்தான்.

என்ன செய்வது என்று நீ தீர்மானி. எனக்குப் பதில் போடுகிறாயா என்று இப்போது நான் பார்க்கிறேன்.

பொன்னுவேல்


பள்ளங்கி,
24 ஏப்ரல் 2024

அண்ணே,

போடுகிறேன். நாலு வரிதான்.

உன் காது இல்லை என்று படித்ததும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். நம் வீடு இல்லை, மூக்கம்மாக்கா வீடு. அதில் என்ன ஆறுதல் இருக்கிறது. நானே போட்ட ஒட்டு அந்த நெற்றியில் இருக்க, நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறேன்.

லீலாவுக்குச் சொல்லாமல் கேமராவுக்குச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே கவுஞ்சி போகிறேன். துணைக்கு வரட்டுமா என்று உன் மச்சான் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

மகாராணி


பள்ளங்கி,
12 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

போய் வந்தேன். வரிசையாக எழுதுகிறேன், நடுவில் கண்ணை ஓட்டிக் கடைசிக்குத் தாவாதே.

லீலா வீட்டு முற்றத்தில் பூண்டைக் கொட்டி வைத்து வால் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வாடி மகாராணி, பல்லக்கை எங்க நிறுத்திட்டு வார" என்றாள். எனக்கு ஒட்டுநெத்தி என்று கூப்பிட வாய் வரவில்லை. "லீலா" என்றேன்.

நறுக்குவதை நிறுத்திவிட்டு, "யாரு செத்தா?" என்று கேட்டாள்.

அவள் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். கவுன், முதல் கல், தப்பாக எண்ணினது எல்லாம் சொன்னேன். இரண்டாவது கல்லைச் சொல்லும்போது பக்கத்து வயலில் மருந்தடிக்கிற மிசின் சத்தம். மெதுவாகச் சொன்னதால் அவளுக்குக் கேட்கவில்லை. அதை மட்டும் இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கையிலிருந்த பூண்டுக்கு வால் நறுக்கினாள். அப்புறம் கேட்டாள்.

"ஒனக்கு அப்ப என்ன வயசு?"

"ஏழு."

"எனக்கும் ஏழுதான்." பூண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "தாடி?"

"தாடியே கெடயாதுடி. அது எங்க அண்ணனும் அப்பாவும் வச்சது."

"நாப்பத்தேழு வருசமா அந்த ஆளு என் சன்னல்ல நின்னுக்கிட்டிருக்கான்டி" என்றாள். "எங்க வீட்டுக்காரரு பழனிக்கு மாலை போட்டுத் தாடி வளத்தா நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அவரு சாமி கோபம்னு நெனச்சிக்கிட்டாரு. இந்த வீட்டுக்குப் பின்செவுத்துல சன்னலே வைக்க விடல நான்."

அண்ணே, அந்தச் சுவரைப் பூண்டு குடோன் என்று எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன்.

"கதவு ஒசரம்னு நெனச்சேன். இம்புட்டுக்காண்டு நீயா" என்று கையைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுகைக்குப் போய்விட்டாள். நான் தொடப் போனேன். கையைத் தட்டிவிட்டு, ஒரு பூண்டை எடுத்து என் மேல் எறிந்தாள். நல்ல மலைப்பூண்டு, தாடையில் பட்டது, வலித்தது. இரண்டாவதை எடுத்தாள். கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தாள். கூடையில் போட்டுவிட்டாள்.

"மன்னிச்சேன்னு சொல்ல மாட்டேன். கேக்காத."

"கேக்கல."

"காப்பி குடிச்சிட்டுப் போ."

காப்பியில் சீனி இல்லை. மறந்தாளா, வேண்டுமென்றா என்று தெரியவில்லை. குடித்துவிட்டேன்.

படத்துக்குப் போகலாமா கூடாதா என்று கேட்டேன். "எந்நெத்தியை வச்சு நீ மட்டும் போய்ப் பேசுவியா" என்று திட்டினாள். வெள்ளிக்கிழமை கவுஞ்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து நல்ல சேலையில் வந்து இறங்கினாள். "நீ பேசு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். பொய் சொன்னாக் கிள்ளுவேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்து நூலகத்தில் எங்களை உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் பத்துப் பேர், தேவகுமாரி டீச்சர், ஒரு கேமரா. பயப்படாதே, உனக்காக ஊர்ப்பெயர் எதுவும் சொல்லவில்லை. சோமாவதியக்கா பெயரை மட்டும் சொன்னேன். கவுனில் பின் குத்தும்போது என்னைக் குத்திவிடாமல் தன் விரலை உள்ளே கொடுத்துக் குத்தினாள் என்று சொன்னேன். அது அவள் மகன் கைக்கு வந்தால் வரட்டும்.

அப்புறம் கல். முதல் கல்லைச் சொன்னபோது பிள்ளைகள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அங்கேயே நிறுத்தச் சொல்லி நாக்கு கெஞ்சியது. லீலா விரல் என் இடுப்புப் பக்கம் தயாராக இருந்தது. நான் கேமராவைப் பார்த்து, "ரெண்டாவது கல்லை யாரும் என் கையில குடுக்கல. நானாப் பொறுக்கி எடுத்தேன். இவ நெத்தியில இருக்கே, அதுதான்" என்றேன்.

அவள் கிள்ளவில்லை.

நீ அவளுக்கு ஒரு கடிதம் போட வேண்டுமாம். "ஒங்க அண்ணன் இப்பத் தாடி வச்சிருக்கானான்னு கேளு" என்றாள். அட்டையிலிருந்து ஆரம்பி, சிரிப்பாள். தாடிக்கு வரும்போது சிரிக்க மாட்டாள், அதையும் எழுது.

இன்று காலையில் உன் மச்சான் கடப்பாரையோடு கவுஞ்சி போயிருக்கிறார். கரடிக்குத் தாடி இல்லை, வரலாம் என்று அவளே சொல்லி அனுப்பினாள். நீ எப்போதாவது இந்த மலைக்கு வந்தால், அவள் வீட்டைக் கோடியிலிருந்து எண்ணித் தேடாதே. பின்பக்கமாக வா. புதுச் சன்னல் வைத்த வீடு.

உன் தங்கச்சி,
மகாராணி